லட்சம் கோடிப் பிரதிகளுக்கு எதிராக இரண்டு மருந்துகள்

சாதாரணக் காய்ச்சலைத் தரும் பெரும்பாலான வைரஸ்களை நேரடியாக ஒழிக்கும் மருந்து இல்லை என்பதும், எச்ஐவி தொற்றியவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுத்தாக வேண்டும் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். இவற்றைக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிக் கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் சி மட்டும் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் 12 வாரங்களில் முற்றிலும் நீங்கிவிடுகிறது என்று சொன்னால் எளிதில் நம்பிக்கை வராது. அந்த மாத்திரையின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் இரண்டாவது கேள்வியும் எழும். ஒரே மாத்திரைக்குள் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் வைரஸை ஒடுக்கும் ஆற்றல் உடையது என்றால், ஏதேனும் ஒன்றைக் கூடுதல் அளவில் கொடுத்து வேலையை முடிக்க ஏன் முடியவில்லை?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வைரஸின் இயல்பிலேயே உள்ளது. முதலாவது, அது செல்லுக்குள் எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, அது ஒரு நாளில் எத்தனை பிழைகள் செய்கிறது என்ற கணக்கைப் பொறுத்தது.

கல்லீரல் செல்லுக்குள்

1970-களில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டரும் அவருடைய குழுவினரும், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பகுதி அப்போது தெரிந்திருந்த ஏ, பி என்ற இரு வைரஸ்களால் வருவதன்று என்று கண்டறிந்தனர். காரணியான வைரஸை 1989-இல்தான் மைக்கேல் ஹாட்டனும் அவருடன் பணியாற்றிய குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ, டேனியல் பிராட்லி ஆகியோரும் மரபணுத் துண்டுகளின் வழியே இனங்கண்டனர். அந்த வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்லஸ் ரைஸ் 1997-இல் நிறுவினார். ஆல்ட்டர், ஹாட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸின் மரபுச்செய்தி ஆர்என்ஏ என்னும் ஒற்றை இழையில் ஏறத்தாழ 9,600 எழுத்துகளாக உள்ளது. எழுத்து என்று இங்கே குறிப்பது இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் நான்கு வகை வேதி அலகுகளை. இழை கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் செல்லின் சொந்தப் புரத ஆலை அதைப் படித்து ஒரே நீண்ட புரதச் சங்கிலியை உருவாக்குகிறது. அச்சங்கிலி பத்துப் புரதங்களாகத் துண்டாகிறது. அவற்றுள் மூன்று இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானவை. சங்கிலியின் பெரும்பகுதியை வெட்டித் தரும் வெட்டு நொதி ஒன்று. ஆர்என்ஏ இழையைப் பார்த்துப் புதிய இழைகளை எழுதும் படியெடுப்பு நொதி மற்றொன்று. மூன்றாவது என்எஸ்5ஏ என்ற புரதம். அது நொதி அன்று, ஆயினும் படியெடுக்கும் தளத்தை அமைப்பதற்கும் புதிய வைரஸ்களைக் கட்டிமுடிப்பதற்கும் அது இன்றியமையாதது. இன்றைய மாத்திரைகள் அனைத்தும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ தாக்குகின்றன.

தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிகிச்சை ஏதுமின்றியே ஆறு மாதங்களுக்குள் வைரஸை வென்றுவிடுகின்றனர். எஞ்சியோருக்குத் தொற்று நாட்பட்டதாகி, பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் பத்து, இருபது ஆண்டுகள் நீடித்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நிலையையும் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இத்தொற்றுடன் வாழ்ந்தனர்; அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 2,42,000 பேர் இதனால் இறந்தனர்.

ஊசிகளின் காலம்

வைரஸின் முகம் தெரிவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது என்பது மருத்துவ வரலாற்றில் வியப்புக்குரிய ஒன்று. வைரஸ் தாக்கும்போது உடல் தானே சுரக்கும் எச்சரிக்கைப் புரதமாகிய இன்டர்ஃபெரானை, காரணம் தெரியாத இந்த அழற்சி கொண்ட பத்து நோயாளிகளுக்கு ஜே ஹூஃப்நேகிலின் குழு ஊசிவழி கொடுத்துப் பார்த்து, அதன் முடிவை 1986-இல் வெளியிட்டது. சிலருக்குக் கல்லீரல் நலம் திரும்பியது. ஆயினும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட வைரஸ் நிலையாக நீங்கவில்லை. 1990-களின் இறுதியில் ரிபாவிரின் என்ற மாத்திரை அதனுடன் சேர்ந்தது. தனியாகக் கொடுத்தால் வைரஸை நீக்கவே இயலாத ரிபாவிரின், இன்டர்ஃபெரானோடு சேர்ந்தபோது வெற்றி விகிதத்தைச் சுமார் 40 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. உடலில் நெடுநேரம் தங்குமாறு மாற்றியமைத்த இன்டர்ஃபெரான் வந்தபின் அது பாதியைச் சற்றே தாண்டியது.

அந்தப் பாதி வெற்றிக்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது. 24 முதல் 48 வாரங்கள் வரை வாரந்தோறும் ஊசி. ஊசி போட்ட இரவெல்லாம் காய்ச்சலும் உடல்வலியும். ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைப்பதால் இரத்தசோகை. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை செல்லும் மனச்சோர்வு. கல்லீரல் மிகவும் பழுதுபட்டிருந்தவர்களுக்கு, அதாவது சிகிச்சை மிக அவசரமாகத் தேவைப்பட்டவர்களுக்கு, இந்த மருந்தைக் கொடுக்கவே முடியவில்லை. இம்மருந்துகள் வைரஸின் எந்த உறுப்பையும் குறிவைக்கவில்லை; உடலின் பொதுவான தற்காப்பை ஓயாமல் தூண்டிவிட்டுக் காத்திருந்தன. வைரஸையே நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வேண்டும் என்ற தேடல் இங்கிருந்து வலுப்பெற்றது.

ஒரு நாளின் கணக்கு

தேடல் முதலில் எட்டியது வெட்டு நொதியை முடக்கும் மருந்துகளை. அவற்றுள் ஒன்றான டெலாபிரெவிரைத் தனியாகக் கொடுத்துச் சோதித்தபோது, முதல் இரண்டொரு நாளிலேயே இரத்தத்தில் வைரஸின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. ஆனால் இரண்டு வாரச் சோதனை முடிவதற்குள்ளேயே சில நோயாளிகளிடம் மருந்து உள்ளே இருக்கும்போதே வைரஸ் மீண்டும் ஏறத் தொடங்கியது. ஏறிவந்தது பழைய வைரஸ் அன்று. மருந்து ஒட்ட முடியாதவாறு நொதியின் வடிவம் மாறியிருந்த வைரஸ். இந்த நிலைக்கு மருந்தெதிர்ப்பு என்று பெயர். அவ்வளவு விரைவில் அது எங்கிருந்து வந்தது?

1998-இல் அவிடன் நியூமன், ஆலன் பெரல்சன் உள்ளிட்டோர் இன்டர்ஃபெரான் கொடுத்தவுடன் வைரஸ் குறையும் வேகத்தை அளந்து, நாட்பட்ட நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வைரஸ்கள் புதிதாக உற்பத்தியாகின்றன என்றும், இரத்தத்தில் உள்ளவற்றில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகின்றன என்றும் காட்டினர். ஆண்டுக்கணக்கில் அசைவற்றதாகத் தோன்றும் நோய்க்கு அடியில் இத்தனை பெரிய உற்பத்தியும் அழிவும் நிகழ்கின்றன. வைரஸின் படியெடுப்பு நொதியோ, மூல ஏட்டோடு ஒப்புநோக்காமல் விரைந்து பெயர்த்தெழுதுபவரைப் போன்றது. எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வசதி அதற்கு இல்லை. குறைத்து மதிப்பிட்டாலும் லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்று கொள்ளலாம். லிபின் ராங்கும் பெரல்சனும் வேறு இருவரும் 2010-இல் செய்த கணக்கைப் பின்பற்றி இதிலிருந்து மேலே செல்லலாம்.

இழையின் நீளம் 9,600 எழுத்து என்பதால், புதிய பிரதிகளில் ஏறத்தாழ 91 விழுக்காடு பிழையின்றியும், 8.7 விழுக்காடு ஒரு பிழையுடனும், 0.42 விழுக்காடு இரண்டு பிழைகளுடனும், 0.013 விழுக்காடு மூன்று பிழைகளுடனும் பிறக்கும். இவை சிறிய பங்குகளாகத் தோன்றினாலும் லட்சம் கோடியின் பங்குகள். ஒரு பிழை உள்ளவை மட்டுமே நாளொன்றுக்கு 8,700 கோடி. ஒவ்வோர் எழுத்தும் மற்ற மூன்றில் எதுவாகவும் மாறலாம் என்பதால், இழையில் நிகழக்கூடிய ஒற்றைப் பிழைகளின் மொத்த வகை 28,800தான். 8,700 கோடியை 28,800-ஆல் வகுத்தால், ஒவ்வொரு வகை ஒற்றைப் பிழையும் நாள்தோறும் சுமார் 30 லட்சம் முறை நிகழ்கிறது என்று தெரியும். ஆகவே ஒரேயோர் எழுத்து மாறினால் தப்பிக்கலாம் என்ற நிலையில் ஒரு மருந்து இருந்தால், அதிலிருந்து தப்பும் வைரஸ்கள் நோயாளி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே அவர் உடலில் இருக்கின்றன. மருந்து செய்வதெல்லாம் போட்டியாளர்களை அகற்றி அவற்றுக்கு வழிவிடுவதே. அளவைக் கூட்டுவதால் பயனில்லை என்பதன் காரணமும் இதுவே.

இரண்டு எழுத்துகள் ஒருசேர மாறினால்தான் தப்பலாம் என்றால்? நிகழக்கூடிய இரட்டைப் பிழைகளின் வகைகள் சுமார் 41 கோடி. நாளொன்றுக்குப் பிறக்கும் இரட்டைப் பிழைப் பிரதிகள் 420 கோடி. ஒவ்வோர் இணையும் நாளுக்குப் பத்து முறை நிகழ்ந்துவிடுகிறது. தடுப்பு இன்னும் போதவில்லை. மூன்று என்றால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. மூன்று பிழைகள் கொண்டவை நாளுக்கு 13 கோடி பிறக்கும். ஆனால் சாத்தியமான வகைகளோ ஏறத்தாழ 4 லட்சம் கோடி. குறிப்பிட்ட ஒரு மூவிணைப் பிழை, ஒரே படியெடுப்பில், சுமார் 30,000 நாட்களுக்கு ஒருமுறை, அதாவது எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழும்.

இரத்தத்தில் கலக்கும் வைரஸ்களில் பெரும்பகுதி புதிய செல்லைத் தொற்றும் வல்லமையற்றவை என்பதாலும், பிழை விகிதம் இடத்துக்கு இடம் மாறும் என்பதாலும் இந்த எண்களைத் துல்லியமானவையாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் கணக்கின் முடிவு அசையாதது: வைரஸ் தப்பிக்க மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்ற நிலையை மருந்துகள் சேர்ந்து உருவாக்க வேண்டும். அந்த மருந்துகளை ஒரே நாளில் தொடங்குவதும் அதே அளவு முக்கியம். முதலில் ஒன்று, பலிக்காவிட்டால் மற்றொன்று என்று கொடுத்தால், முதல் மருந்துக்குத் தப்பிய வகை கோடிக்கணக்கில் பெருகி அதிலிருந்து அடுத்த பிழை பிறக்கும். எட்ட முடியாத தொலைவை வைரஸ் இரண்டு எளிய எட்டுகளில் கடந்துவிடும். வெவ்வேறு இலக்குகளைத் தாக்கும் மருந்துகளை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் முறையே கூட்டுச் சிகிச்சை. காசநோய் மருத்துவம் இதே உண்மையை முன்பே கற்றிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்ததால் மருந்தெதிர்ப்பு தோன்றியதைக் கண்டபின், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம் அத்தகைய கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே உண்டு குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது.

பதினொரு நோயாளிகள்

கணக்கு உண்மைதானா என்பதைச் சோதித்த ஆய்வு 2012-இல் அன்னா லோக் குழுவினரால் வெளியானது. பழைய ஊசிச் சிகிச்சை சற்றும் பலிக்காத பதினொரு நோயாளிகளுக்கு, வெட்டு நொதியை முடக்கும் அஸுனபிரெவிர், என்எஸ்5ஏ புரதத்தை முடக்கும் டக்ளாடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகள் மட்டும் 24 வாரம் தரப்பட்டன. நால்வர் குணமடைந்தனர். இன்டர்ஃபெரான் இல்லாமல் மாத்திரைகளாலேயே இந்த வைரஸை நீக்க முடியும் என்பதற்கு அந்த நால்வரும் முதல் சான்றுகளுள் அடங்குவர்.

எஞ்சிய எழுவரின் தோல்வியும் அதே அளவு கற்றுத்தந்தது. இவ்வைரஸில் எழுத்து வரிசை வேறுபாட்டால் பிரிந்த குடும்பங்கள் பல உள்ளன. அவற்றுக்கு மரபுவகை என்று பெயர். அந்தப் பதினொருவரில் இருவர் 1பி என்ற உள்வகையையும் ஒன்பதின்மர் 1ஏ என்ற உள்வகையையும் கொண்டிருந்தனர். 1பி கொண்ட இருவரும் குணமடைந்தனர். 1ஏ கொண்ட ஒன்பதின்மரில் இருவர்தான். வெட்டு நொதியின் 155-ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் குறிப்பிட்ட வேறொன்றாக மாறினால் அவ்வகை மருந்து ஒட்டாது. 1ஏ வகையில் அம்மாற்றத்துக்கு ஓர் எழுத்து மாறினால் போதும். 1பி வகையில் அதே இடத்தை வேறு எழுத்துகள் குறிப்பதால் இரண்டு மாற வேண்டும். டக்ளாடாஸ்விரிலிருந்து தப்பவும் 1ஏ வகைக்கு ஒரு மாற்றம் போதுமானது; 1பி வகைக்குப் பெரும்பாலும் இரண்டு தேவை. ஆக, ஒரே இரு மருந்துகள் ஒரு வகைக்கு இரண்டெழுத்துத் தடையாகவும் மற்றொன்றுக்கு அதைவிட உயர்ந்த தடையாகவும் நின்றன. இருவரை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் 1பி பரவலாக உள்ள ஜப்பானில் இதே இணையை 222 பேருக்குக் கொடுத்தபோது ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் குணமடைந்தனர். 2014 ஜூலையில் ஜப்பான் அதற்கு ஒப்புதல் அளித்தது.

தப்பினாலும் தழைக்காத பிறழ்வு

எழுத்துகளை எண்ணுவது மட்டுமே போதாது என்பதைச் சோஃபோஸ்புவிர் காட்டியது. மைக்கேல் சோஃபியா தலைமையிலான குழு ஃபார்மசெட் நிறுவனத்தில் உருவாக்கிய இந்த மருந்து, படியெடுப்பு நொதிக்குப் போலி எழுத்து ஒன்றைத் தருகிறது. நொதி அதை உண்மையான எழுத்தென்று எடுத்து இழையில் கோத்தவுடன் இழை அதற்குமேல் நீள முடியாமல் நின்றுவிடுகிறது. இதிலிருந்து தப்பவும் நொதியின் 282-ஆம் இடத்தில் ஒரேயொரு மாற்றம் போதும். ஆனால் அந்த இடம் நொதி எழுத்தைப் பற்றிக்கொள்ளும் மையத்திலேயே அமைந்திருப்பதால், அங்கே மாறிய நொதியால் உண்மையான எழுத்தையும் சரியாகக் கோக்க முடிவதில்லை. அவ்வாறு மாறிய வைரஸ் பிறக்கிறது, ஆனால் பெருகுவதில்லை.

அத்தகைய மருந்தோடு என்எஸ்5ஏ மருந்து ஒன்றைச் சேர்ப்பதே இன்றைய சிகிச்சையின் அடிப்படை. முதலாவது, தப்ப இயலாத தடை. இரண்டாவது, மிகச் சிறிய அளவிலேயே ஒரே நாளில் வைரஸை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கும் வேகம். சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் பெற்ற, மூன்றாம் வகை நீங்கலான பல மரபுவகைகளைச் சேர்ந்த 624 பேரில் 618 பேருக்கு வைரஸ் நீங்கியது என்று 2015-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் மரபுவகை சற்றுக் கடினமானது. அதில் வெற்றி 95 விழுக்காடு.

ஒளிந்திருக்க இடமில்லை

வைரஸ் உற்பத்தியை நிறுத்துவதற்கும் நோயை முற்றாக நீக்குவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. எச்ஐவி தன் மரபுச்செய்தியை மனித செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் வளைய வடிவ டிஎன்ஏவாகத் தங்கிவிடுகிறது. மருந்து உற்பத்தியைத் தடுக்கும். மூலப்படி அப்படியே இருக்கும். மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் படியெடுக்கத் தொடங்கும். ஹெபடைடிஸ் சி வைரஸ் உட்கருவுக்குள் நுழைவதே இல்லை. செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே ஆர்என்ஏவாக மட்டுமே வாழ்வதால், சிதைந்துகொண்டே இருக்கும் அந்த இழைகளை ஓயாமல் புதுப்பித்தால்தான் அதனால் நீடிக்க முடியும். படியெடுப்பைச் சில வாரங்கள் முழுமையாக நிறுத்தினால் பழைய இழைகள் சிதைந்து முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு மூலப்படி எங்கும் இருக்காது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் இரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ இல்லையென்றால் அதை நீடித்த நீக்கம் என்கின்றனர்; அந்நிலையை அடைந்தவர்களுக்குப் பழைய வைரஸ் திரும்புவது மிக அரிது.

விலையும் பஞ்சாபும்

2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிருக்கு, ஃபார்மசெட்டை வாங்கியிருந்த கிலியட் நிறுவனம் வைத்த விலை 12 வாரத்துக்கு 84,000 டாலர்; மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். நோயை முற்றாக நீக்கும் மருந்து கைக்கு வந்தபின்னும், கல்லீரல் இன்னும் பழுதாகட்டும் என்று நோயாளிகளைக் காத்திருக்கவைத்த காப்பீட்டு விதிகள் அந்த விலையால் பிறந்தவை. இதை அறிவியலின் தோல்வி என்று கூற முடியாது, ஆனால் மருத்துவத்தின் பெருந்தோல்வி. 2014-இல் அந்நிறுவனம் சிப்லா, ஹெட்டெரோ முதலான இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் அளித்தபின் விலை பலமடங்கு சரிந்தது.

அதன் பயனைப் பஞ்சாப் முழுமையாகப் பெற்றது. 2016 ஜூனில் அம்மாநிலம் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இலவசக் கூட்டுச் சிகிச்சையைத் தொடங்கியது. கல்லீரல் வல்லுநர்கள் இல்லாத அம்மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனம் தொலைவழிப் பயிற்சி அளித்தது. 48,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு பின்னர் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனையை முடித்தவர்களில் ஏறத்தாழ 91 விழுக்காட்டினருக்கு நீடித்த நீக்கம் கிடைத்தது தெரிந்தது. வல்லுநர் மையங்களுக்கு இணையான இந்த முடிவைப் பொது மருத்துவர்கள் எட்டியது, மருந்தின் வலிமைக்குச் சான்றாவது போலவே அவர்களின் உழைப்புக்கும் சான்று. 2018 ஜூலை 28 முதல் நாடு தழுவிய தேசியத் திட்டத்தின் கீழ் இச்சிகிச்சை இந்தியாவில் இலவசமாகக் கிடைக்கிறது.

மாத்திரை முடிந்த பிறகு

சிலருக்குச் சிகிச்சை தவறுகிறது. அவர்களில் பலரிடம் என்எஸ்5ஏ புரதத்தில் மாற்றம் பெற்ற வைரஸ்கள் காணப்படுகின்றன. அம்மாற்றம் வைரஸின் பெருக்கத்தை அவ்வளவாகத் தளர்த்தாததால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதற்கு மருத்துவம் கண்ட விடை அதே கணக்கின் தொடர்ச்சி: சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டோடும் வெட்டு நொதியை முடக்கும் வோக்ஸிலாபிரெவிரையும் சேர்த்து மூன்று இலக்குகளை ஒருசேரத் தாக்குவது. முன்பு தோற்றவர்களிலும் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் இதனால் குணமடைகின்றனர்.

சிகிச்சையைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இரண்டும் உள்ளவர்களிடம் சி மறைந்தவுடன் அதுவரை ஒடுங்கியிருந்த பி கிளர்ந்தெழுந்து கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். சிரோசிஸ் நிலையை எட்டியவர்கள் வைரஸ் நீங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய்க்கான கண்காணிப்பைத் தொடர வேண்டும். குணமடைந்தவருக்கு எதிர்காலத் தொற்றைத் தடுக்கும் நோயெதிர்ப்பு உறுதியாக அமைவதில்லை. தூய்மையற்ற ஊசியால் மீண்டும் தொற்று வரலாம். நோயாளிகளை வீணாகக் கலங்கவைக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. வழக்கமான முதல்நிலை இரத்தப் பரிசோதனை தேடுவது வைரஸை அன்று. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதத்தை. அது குணமடைந்த பின்னும் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும் என்பதால், அறுவைசிகிச்சைக்கு முன்போ வேறு பரிசோதனையின்போதோ முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் நோய் திரும்பிவிட்டதாகப் பொருள் கொள்ளத் தேவையில்லை. வைரஸின் ஆர்என்ஏவை நேரடியாகத் தேடும் பரிசோதனையைச் செய்யுமாறு கேட்க வேண்டும்.